ஐந்தடி ஆசை

வீட்டுத் தோட்டத்தில் தோற்கிறவர்கள் பொதுவாக ரோஜாவில் தோற்பார்கள், இல்லாவிட்டால் காலிஃபிளவரில். அதில் ஒரு கௌரவம் உண்டு. "ஊட்டிச் செடி சார், நம்ம திருச்சி வெயிலுக்கு வராது" என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். நான் தோற்றது புடலங்காயில். வேலியில் தானாக ஏறி, கூரையில் தானாகப் படர்ந்து, கேட்பாரில்லாமல் காய்த்துத் தொங்கும் கொடி அது. வெயில் அதற்குப் பிடிக்கும், புழுக்கமும் பிடிக்கும். திருச்சியில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. ஆகவே யாரையும் எதையும் கைகாட்ட வழியில்லாத தோல்வி. முழுக்க என் சொந்தச் சம்பாத்தியம்.

உறையூரில் ஒரு வாடகை வீட்டின் மாடியில் குடியிருக்கிறோம். மொட்டைமாடியும் எங்கள் அனுபவத்தில்தான், வீட்டுக்கார அம்மா வற்றல் காயப்போடும் நாட்கள் நீங்கலாக. எதிர்வீட்டு மாடியில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் பாகலும் பீர்க்கும் பந்தலில் ஏற்றிக் காய்க்க வைத்திருந்தார். துணி காயப்போடப் போகும் என் மனைவி அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் கீழே இறங்கி வருவாள். ஏதாவது சொல்லியிருந்தால் நானும் பதில் சொல்லியிருப்பேன். ஒன்றும் சொல்லாததால் விதை வாங்கப் போனேன்.

விதைக்கடையில் கேட்ட முதல் கேள்வி, "நெட்டையா, குட்டையா?" கோவை வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட ரகங்களில் கோ 1 நெட்டை. காய் 160 முதல் 180 சென்டிமீட்டர் வரை போகும். கோ 2 குட்டை. ஓரடி வந்தால் நின்றுவிடும். "மாடியிலதானே சார் வைக்கப் போறீங்க? குட்டை எடுத்துக்குங்க. நெட்டை தரையில இடிக்கும்" என்றார் கடைக்காரர். காய்ப்பது எதிர்வீட்டுக்குத் தெரிய வேண்டும் என்பது என் கணக்கு. ஓரடிக் காய் தெருவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து எப்படித் தெரியும்? நெட்டைதான் வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கி வந்தேன். பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் வித்து அந்தப் பாக்கெட்டில்தான் இருந்தது.

புடலைக்கு ஏற்றது ஆடிப்பட்டம், விட்டால் தைப்பட்டம். ஆடிப்பட்டம் தேடி விதை என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவன்தான் நான். ஆனால் தையில் ஆபீசில் கணக்கு முடிக்கும் அவசரம், ஆடியில் ஆடிட். கை ஒழிந்தது பங்குனிக் கடைசியில். ஒழிந்த கையோடு விதைத்தேன். விதையின் ஓடு தடிப்பானது, ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டு மறுநாள் ஊன்ற வேண்டும் என்று பாக்கெட்டின் பின்பக்கம் அச்சிட்டிருந்தார்கள். நான் கிழித்த பக்கம் அதுதான். ஊறாத விதைகள் அவற்றுக்குத் தோன்றியபோது முளைத்தன. முளைத்தவற்றை அக்னி நட்சத்திரம் கவனித்துக்கொண்டது. குரோ பேக்கை வெறும் தளத்தின்மேல் வைத்திருந்தேன். மத்தியானத்தில் தளம் கொதித்துப் பைக்குள் வேர் வெந்துபோயிற்று. நாலு செங்கல் வைத்து அதன்மேல் பையை ஏற்றியிருந்தால் போதும். செங்கல் அதே மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், வேண்டிய மட்டும் அடுக்கிக் கிடந்தது.

என் மாமியாருக்கு லால்குடிப் பக்கம் கிராமம். புடலைப் பந்தலுக்குக் கீழேயே வளர்ந்தவர். ஆனால் மாப்பிள்ளையிடம் நேராக யோசனை சொல்வது மரியாதை இல்லை என்பது அவர் கொள்கை. என்னிடம் சொல்ல வேண்டியதை எல்லாம், நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே, மகளிடம் சொல்வார். "ஏம்மா, மாப்பிள்ளை ஆடி வரைக்கும் பொறுத்துக்கிட்டா நல்லா வருமே. இந்த வெயில்ல நமக்கே மூச்சு முட்டுது, பச்சப்புள்ள மாதிரி செடி அது என்ன பண்ணும்?" மகள் என்னைப் பார்த்தாள். நான் பேப்பரைப் பார்த்தேன்.

ஆடியில் மறுபடியும் விதைத்தேன். மாமியாரே ஈரத்துணியில் முடிந்து வைத்துக் கொடுத்த விதை. ஒன்று பாக்கியில்லாமல் முளைத்தது. அதுவும் தொல்லையாகப் போயிற்று. ஒரு பையில் திடமான செடி ஒன்றோ இரண்டோ இருந்தால் போதும், மற்றதைக் கிள்ளிவிட வேண்டும். எனக்கு மனசு வரவில்லை. எல்லாம் ஒரே மண்ணில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. கொடி பந்தலை எட்டியதும் நுனியைக் கிள்ளினால்தான் பக்கக் கிளைகள் பிரிந்து பந்தல் நிறையும் என்பதும் தெரியும். அதற்கும் கை போகவில்லை. "மாப்பிள்ளைக்கு ரொம்ப இளகின மனசும்மா" என்றார் மாமியார். பாராட்டு என்று நினைத்து அன்று பூராவும் சந்தோஷமாக இருந்தேன்.

பந்தலைப் பற்றிச் சொல்ல இன்னும் வெட்கமாக இருக்கிறது. முதலில் பந்தல், அப்புறம் விதை என்பது கொடி வளர்ப்பவர்களுக்கு அரிச்சுவடி. நான் ஆடிட் முடியட்டும் என்று இருந்தேன். கொடி இருக்கவில்லை. புடலையின் பற்றுக்கம்பி எதன்மேல் பட்டாலும் சுருண்டு பிடித்துக்கொள்ளும். பந்தல் இல்லாததால் கிடைத்ததைப் பிடித்தது. முதலில் டிஷ் ஆன்டெனாவின் ஒயர். அப்புறம் துணி காயும் கம்பி. ஒரு கல்யாணத்துக்கு ஊருக்குப் போய்விட்டு வந்து பார்த்தால், கம்பியில் மறந்துவிட்டுப் போயிருந்த என் மனைவியின் சுங்குடிச் சேலையும் அதன் வசம். முந்தானையில் அங்கங்கே பச்சைச் சுருள்.

சுருளை உற்றுப் பார்த்தேன். பாதி தூரம் ஒரு பக்கமாகச் சுற்றி, நடுவில் நின்று, மீதியை எதிர்ப்பக்கமாகச் சுற்றியிருந்தது. இரண்டு முனையும் பிடிபட்ட ஒன்று முறுக்கேறாமல் சுருள வேண்டுமானால் அப்படித்தான் சுருள முடியும். சார்லஸ் டார்வின் ஏறுகொடிகளைப் பற்றி 1865இல் எழுதிய நீண்ட கட்டுரையில் இதை விளக்கியிருக்கிறார். காற்றடித்தால் பிய்யாமல் நீண்டு சுருங்கிக் கொடுக்கவும் இந்தச் சுருள்தான் உதவுகிறது. இதை எல்லாம் மனைவியிடம் எடுத்துச் சொன்னேன். கத்தரிக்கோலைக் கொண்டு வரச் சொன்னாள். கொண்டு போய்க் கொடுத்துவிட்டு, வெட்டப் போவது கொடியையா சேலையையா என்று கேட்டேன். பதில் இல்லை. வெட்டியது கொடியை.

அடித்துப் பிடித்துப் பந்தல் போட்டேன். சவுக்குக் கழிகளைப் பழைய பெயிண்ட் வாளிகளில் நிறுத்திச் சிமெண்ட் கலவை ஊற்றி இறுகவிட வேண்டும் என்று தலைமையாசிரியர் எதிர்மாடியிலிருந்தே சத்தம் போட்டுச் சொன்னார். சிமெண்ட் வாங்க மறுபடி கீழே இறங்க வேண்டுமே என்று நான் மணலைக் கொட்டினேன். ஆடிக்காற்றில் அம்மி பறந்து யாரும் பார்த்ததில்லை. பந்தல் பறந்ததை எங்கள் தெரு பார்த்தது. கழியும் நைலான் வலையுமாக எழும்பி, வீட்டுக்கார அம்மாவின் வற்றல் பாயில் போய் இறங்கியது. "தம்பி, பந்தல் போடறேன்னுதான் சொன்னீங்க. இங்க போடறேன்னு சொல்லலியே" என்றார் அவர். அடுத்த தடவை சிமெண்ட் போட்டேன். எட்டிப் பறிக்க வசதியாக இருக்கட்டும் என்று என் உயரத்துக்கே போட்டேன். ஐந்தடிக்கு மேல் தொங்கும் காய்க்கு ஐந்தரை அடி மனிதனின் உயரத்தில் பந்தல். கணக்கு முடிப்பதே தொழிலாகக் கொண்டவன் இந்தக் கணக்கைப் போடவில்லை.

அடுத்தது உரம். கடலைப் பிண்ணாக்கை ஊறவைத்து அந்தத் தண்ணீரை நன்றாக நீர்த்துவிட்டு ஊற்ற வேண்டும். பஞ்சகவ்யம் என்றால் லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லிதான். எனக்கு ஞாயிற்றுக்கிழமைதான் நேரம் கிடைக்கும் என்பதால், வாரம் முழுக்கக் கொடுக்க வேண்டியதை ஞாயிறு அன்றே கொடுத்தேன், நீர்க்கவும் இல்லை. பிண்ணாக்கு ஊறல் மூடி திறந்த அன்று வீட்டுக்கார அம்மா செப்டிக் டேங்க் ஆளுக்குப் போன் போட்டுவிட்டார். கொடிக்கு மட்டும் குறை வைக்கவில்லை. இலை இலையாகத் தள்ளியது. கரும்பச்சை, உள்ளங்கையைவிட அகலம், தொட்டால் சொரசொரப்பு, ஒரு காட்டு வாசனை. தழைச்சத்து மிஞ்சினால் கொடி இலையைத்தான் தரும், பூவைத் தராது. "சார், இலை அமோகமா வந்திருக்கு. விருந்துக்கே போடலாம் போலிருக்கே" என்றார் தலைமையாசிரியர். அவர் முப்பது வருஷம் பையன்களைத் திருத்தியவர். எங்கே கிள்ளினால் வலிக்கும் என்று அறிந்தவர்.

ஒரு வழியாகப் பூ வந்தது. எல்லாம் ஆண்பூ. புடலையில் ஆணும் பெண்ணும் ஒரே கொடியில், தனித்தனிப் பூவாக வரும். ஆண்பூ முந்திக்கொண்டு காம்பில் கொத்தாக வரும். பெண்பூ பின்னால், ஒற்றையாக, இதழுக்குக் கீழே விரலளவு பிஞ்சோடு வரும். இது தெரியாமல், விதை ஏமாற்று என்று முடிவு கட்டிக் கடைக்காரரோடு சண்டைக்குப் போனேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதான் சார் வழக்கம். இன்னும் கொஞ்ச நாள் பாருங்க" என்றார். நான் பார்க்கவில்லை, படித்தேன். பெண்பூ கூடுதலாக வர எத்திரல் என்னும் வளர்ச்சி ஊக்கியை 100 பிபிஎம் அளவில் தெளிக்கலாம் என்றிருந்தது. ஓடிப்போய் வாங்கி வந்து பந்தல் முழுக்க அடித்தேன். அடித்தபிறகு அடுத்த வரியைப் படித்தேன். செடி இரண்டு இலை விட்ட பருவத்தில் ஆரம்பித்து வாரம் ஒருமுறை தெளிக்க வேண்டுமாம். என் கொடி அப்போது பந்தலைத் தாண்டி தண்ணீர்த் தொட்டியின் ஏணியில் ஏறிக்கொண்டிருந்தது.

பெண்பூவும் வந்தது, ஆனால் பிஞ்சு நிற்கவில்லை. மஞ்சளாகி உதிர்ந்தது. காலையில் ஆபீஸ் கிளம்பும் முன் ஒன்பது மணி சுமாருக்கு மாடிக்குப் போய்ப் பூக்களைப் பார்ப்பேன். எப்போது பார்த்தாலும் வாடிச் சுருண்டிருக்கும். இவ்வளவு அழகில்லாத பூவை எந்தத் தேனீ தேடி வரும் என்று நினைத்துக்கொண்டேன். புடலைப் பூ இருட்டிய பிறகு விரிகிற பூ. வெள்ளை இதழ், அதன் ஓரமெல்லாம் நூல் நூலாகப் பிரிந்து, இருட்டிலும் கண்ணுக்குத் தெரியும். அதைத் தேடி வருவது ராத்திரியில் பறக்கும் அந்துப்பூச்சி. வெயில் ஏறினால் பூவின் வேலை முடிந்துவிடும். நான் அலுவலக நேரத்தில் பார்வையிடப் போயிருக்கிறேன்.

தெரிந்தபின் ராத்திரியில் போனேன். வெளிச்சம் போதவில்லை என்று பந்தலுக்குப் பக்கத்திலேயே பெரிய எல்இடி பல்பு ஒன்றைத் தொங்கவிட்டேன். உறையூரில் உள்ள அந்துப்பூச்சி எல்லாம் வந்து சேர்ந்தது, பல்பைச் சுற்றி. பூப்பக்கம் திரும்ப ஒன்றுக்கும் நேரமில்லை. சரி, நாமே மகரந்தம் சேர்த்துவிடுவோம் என்று பல்பை அணைத்துவிட்டு, லுங்கியும் டார்ச்சும் பெயிண்ட் பிரஷ்ஷுமாகக் குனிந்து குனிந்து பூப் பூவாகத் தொட்டுக்கொண்டிருந்தேன். "யாருய்யா அது மாடியில?" என்று எதிர்வீட்டில் ஒரு குரல். அடுத்து இன்னொரு வீட்டில் விளக்கு எரிந்தது. தெருநாய்கள் சேர்ந்துகொண்டன. தலைமையாசிரியர் வெளியே வந்து என் விளக்கத்தைக் கேட்டுக்கொண்டு, "எந்தப் பூவிலேருந்து எடுத்து எந்தப் பூவில வைக்கிறீங்க?" என்றார். டார்ச் அடித்துக் காட்டினேன். "ரெண்டும் ஆண்பூ சார்" என்றார். தெருவே விழித்திருந்தபோது சொன்னார்.

அதன்பின் அவர் சொன்னபடி செய்தேன். கொத்திலிருந்து ஆண்பூ ஒன்றைப் பறித்து, இதழைப் பின்னுக்கு மடக்கி, பிஞ்சுள்ள பூவின் நடுவில் மெல்லத் தேய்க்க வேண்டும். பிரஷ் கூட வேண்டாம். பிஞ்சு நின்றது. விரலளவு, சாணளவு என்று நீண்டது. நான் எல்லாரிடமும் சொல்ல ஆரம்பித்த நேரம், பிஞ்சின் தோலில் கண்ணாடி மாதிரி ஒரு துளி பிசின். அழகாக இருக்கிறதே என்று படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டேன். அது பழ ஈ குத்திய இடம். ஈ பிஞ்சுத் தோலுக்குள் முட்டையிட்டுப் போய்விடும். புழு உள்ளே சதையைத் தின்னும். வெளியே காய் ஒரு பக்கம் கோணிக்கொண்டு, பிறகு அழுகி விழும்.

விழுந்ததை வீணாக்கக் கூடாது என்று பக்கத்திலிருந்த கம்போஸ்ட் தொட்டியில் போட்டு வந்தேன். இயற்கை விவசாயி என்ற நினைப்பு. பழ ஈயின் புழு காயிலிருந்து வெளியேறி மண்ணுக்குள் இறங்கித்தான் கூட்டுப்புழுவாகும், அங்கிருந்துதான் அடுத்த தலைமுறை ஈ கிளம்பும். விழுந்த காயை எரிக்க வேண்டும், அல்லது பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி வெயிலில் போட வேண்டும். நான் பந்தலுக்கு இரண்டடி தள்ளி, ஈரமும் உரமும் உள்ள மண்ணில், அதற்குப் பிரசவ விடுதி நடத்திக்கொண்டிருந்தேன்.

பழ ஈக்குப் பொறி உண்டு. கருவாட்டுத் தூளை நனைத்து, ஓட்டை போட்ட பாட்டிலிலோ பையிலோ போட்டுப் பந்தலில் தொங்கவிட்டால் வாசனைக்கு வந்து ஈ உள்ளே மாட்டிக்கொள்ளும். விவசாயிகள் காலங்காலமாகச் செய்வது. நான் அதைச் செய்யக் கிளம்பியது புரட்டாசியில். ஸ்ரீரங்கத்துப் பெருமாளை ஆற்றுக்கு அக்கரையில் வைத்துக்கொண்டு எங்கள் வீட்டில் அந்த மாசம் முட்டைகூட ஏறாது. "சாப்பிடறதுக்கு இல்லை, ஈக்கு" என்றேன். "ஏம்மா, அடுத்த மாசம் வரைக்கும் ஈ பொறுத்துக்காதாமா?" என்றார் மாமியார். மறைத்துக் கொண்டுபோய்க் கட்டினேன். ஈ விழுந்தது, உண்மை. ஈக்கு முன்னால் பூனைகள் வந்தன. பாட்டிலை எட்ட முடியாத ஆத்திரத்தில் குரோ பேக்கைக் கிழித்துக் கோகோபீட்டைத் தளம் முழுக்க இறைத்துவிட்டுப் போயின. வீட்டுக்கார அம்மா காலையில் மாடி ஏறி வந்து, மூக்கைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு, "புரட்டாசி சனிக்கிழமை தம்பி" என்று மட்டும் சொன்னார். கடைசியில் கைகொடுத்தது பழைய நியூஸ்பேப்பர். பூ வாடிப் பிஞ்சு நின்றதும் பேப்பரைக் குழாயாகச் சுருட்டி மாட்டிவிட்டால் ஈ தொட முடியாது. செலவும் இல்லை, நாற்றமும் இல்லை. இதை மனைவி சொன்னாள்.

இடையில் இலையில் வெள்ளைப் பூச்சாகச் சாம்பல் நோய் தட்டியது. கந்தகத் தூள் நல்லது என்று எங்கோ கேட்டது நினைவிருந்தது. மற்ற பயிர்களுக்கு நல்லதுதான். பூசணிக் குடும்பத்து இலைக்கு அது ஆகாது, கருக்கிவிடும். வேளாண் கையேட்டில் எச்சரித்திருக்கிறார்கள். கையேடு என் மேஜையில், டீ டம்ளருக்கு அடியில் இருந்தது. அதுவரை யாரும் குறை சொல்லாத ஒரே விஷயம் என் இலைகள். அவையும் ஓரம் கருகின.

இவ்வளவுக்கும் தப்பிச் சில காய்கள் தேறின. ஆயுத பூஜை விடுமுறையில் தண்ணீர் ஊற்ற யாரிடமும் சொல்லாமல் ஊருக்குப் போய்விட்டுத் திரும்பியபோது, வாடித் தொங்கிய கொடியில் அளவான காய்கள். பறித்து, மேலே படிந்த வெள்ளைப் பொடியைக் கத்தியால் சுரண்டி, விதையும் குடலும் நீக்கி, உப்புப் போட்டுப் பிசறிப் பிழிந்து, பாசிப்பருப்போடு கூட்டு வைத்தாள் மனைவி. வாயில் வைத்த மனைவியும் மாமியாரும் ஒரே நேரத்தில் தண்ணீருக்குக் கை நீட்டினார்கள். கசப்பு. வெயிலும் தண்ணீர்த் தட்டுப்பாடும் சேர்ந்தால் இந்தக் குடும்பத்துக் காய்களில் குக்கர்பிடாசின் என்ற கசப்புப் பொருள் ஏறும். வயிற்றைக் கெடுக்கும், சாப்பிடவே கூடாது. "மாப்பிள்ளை வேண்டாம்னு சொல்லும்மா" என்றார் மாமியார். சொந்த மாடியில் விளைந்த முதல் காயைக் கொட்டுவதா? பாகற்காய் சாப்பிடுவதில்லையா என்று வீராப்பாகச் சாப்பிட்டேன். அன்று ராத்திரி பூவைத் தொட மாடிக்குப் போகவில்லை. போக வேண்டிய இடம் கீழேயே இருந்தது, பலமுறை. நறுக்கும்போதே நுனியில் ஒரு துணுக்கை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு மற்றதைச் செய்வது எங்கள் வீட்டில் இப்போது சட்டம்.

கடைசிக் கதை அந்த ஐந்தடிக் காய். புடலை விட்டபடி விட்டால் சுருண்டு வளையும். நேராக வர, நுனியில் நூலில் ஒரு சின்னக் கல்லைக் கட்டித் தொங்கவிடுவார்கள். சின்னக் கல் என்பதை நான் காதில் வாங்கவில்லை. தெருவில் ரோடு போடக் கொட்டியிருந்த ஜல்லியில் நல்லதாக ஒன்று பொறுக்கிக் கட்டினேன். காலையில் காயும் ஜல்லியும் தளத்தில் கிடந்தன, இரண்டும் நேராக. அடுத்த பிஞ்சுக்கு மாமியார் புளியங்கொட்டை அளவு கூழாங்கல் ஒன்றை நூலில் கோத்து, என்னைப் பார்க்காமல், மகள் கையில் கொடுத்தார்.

அது வளர்ந்தது. காலையில் ஒரு அளவு, சாயங்காலம் ஒரு அளவு. தையல்காரர் டேப்பைப் பிடித்துப் படம் எடுத்து எடுத்துப் போட்டேன். பெங்களூரில் இருக்கும் மைத்துனன், "அத்தான், தீபாவளிக்கு வர்றப்ப நேர்ல பாக்கறேன்" என்று எழுதினான். அதோடு கெட்டது. நகம் பட்டால் இறங்குகிற பதத்தில் பறித்தால்தான் புடலை கறிக்காகும் என்று மனைவி சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். தீபாவளி வரை ஒரு கை படக் கூடாது என்று உத்தரவு போட்டேன். காய் தரையைத் தொட்டது. தொட்டு, கூழாங்கல்லோடு பக்கவாட்டில் திரும்பி, தளத்தில் ஊர ஆரம்பித்தது. கடைக்காரர் ஞாபகம் வந்தது. அப்புறம் நுனி மஞ்சளாயிற்று. மஞ்சள் ஆரஞ்சாகி மேலே ஏறியது. மைத்துனன் வந்த அன்று வெடித்து, உள்ளே ரத்தச் சிவப்பாகச் சதையும் விதையும் தெரியத் தொங்கிக்கொண்டிருந்தது. "அத்தான், இது என்ன பழம்?" என்றான். மேற்கு ஆப்பிரிக்காவில் இந்தச் சிவந்த சதையைத் தக்காளிக்குப் பதிலாகக் குழம்பில் போடுவார்கள் என்று விளக்கினேன். "அப்ப இன்னிக்கு அதுதான் குழம்பா?" என்றான். அன்று வீட்டில் சாம்பார். சாம்பாரில் காந்தி மார்க்கெட் புடலங்காய்.

எல்லாவற்றையும் இப்போது சேர்த்துப் பார்க்கும்போது ஒன்று புரிகிறது. எனக்குத் தெரியாததால் கெட்டது கொஞ்சம்தான். தெரிந்ததை எனக்கு ஒழிந்த நேரத்தில் செய்ததால் கெட்டதுதான் அதிகம். புடலை அதிகம் கேட்கிற கொடி இல்லை. ஆனால் கேட்பதை அது கேட்கிற நேரத்தில் கொடுக்க வேண்டும், அந்த நேரம் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை வருவதில்லை.

ஆகவே, வருகிற ஆடியில் புடலை போட நினைக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். மாடியானால் குட்டை ரகத்தையே வாங்குங்கள். சிமெண்ட் இறுகி நிற்கும் பந்தலைப் பார்த்தபிறகு விதையை ஊறப்போடுங்கள். பையில் மிஞ்சிய நாற்றைக் கண்ணை மூடிக்கொண்டு கிள்ளிவிடுங்கள். பூவை ராத்திரியில் போய்ப் பாருங்கள், பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். அழுகி விழுந்த பிஞ்சைக் கம்போஸ்டில் போடாதீர்கள். காயைத் தினமும் நகத்தால் தொட்டுப் பாருங்கள். நகம் இறங்குகிற பதத்தில் இருந்தால் அன்றைக்கே பறித்துவிடுங்கள், தீபாவளிக்கு யார் வருவதாக இருந்தாலும் சரி.